கடனாளி தன் கணக்கைக் காணும் உரிமை: குடுபல்லி எல்லைப்புறத்தை முன்வைத்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

தமிழில் நாணயம் என்னும் சொல்லுக்குக் காசு என்றும் நேர்மை என்றும் இரு பொருள் உண்டு. கொடுக்கல் வாங்கலில் சொன்ன சொல் தவறாதவரை ‘நாணயமானவர்’ என்கிறோம். ஒருவருடைய நாணயம் ஊராரின் நாவில் இருந்த காலத்தில், அதனைக் கேட்கவும் மறுத்துப் பேசவும் அவருக்கு ஓரளவேனும் இடமிருந்தது. இன்று அது 300 முதல் 900 வரையிலான ஓர் எண்ணாகத் தொலைவில் உள்ள ஒரு கணினியில் இருக்கிறது. அந்த எண்ணை யார் எழுதினார், எதனைக் கொண்டு எழுதினார், பிழையிருந்தால் யாரிடம் முறையிடுவது என்னும் வினாக்கள் புதியவைபோலத் தோன்றும். இந்திய உழவர் கடனின் வரலாற்றைப் பயில்வோருக்கு இவை மிகப் பழைய வினாக்கள்.

கடனாளி தன்னைப் பற்றி எழுதப்பட்ட கணக்கைக் காணும் உரிமை 1879 முதல் படிப்படியாகச் சட்டத்தில் இடம்பெற்று வந்த ஒன்று என்பதும், காணும் உரிமை கிடைத்த ஒவ்வொரு முறையும் கணக்கின் மொழியைப் படிக்கும் ஆற்றல் கடனாளிக்கு எட்டாமல் நின்றது என்பதும் இப்பதிவின் கருத்து. இதனை விளக்க ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துக் குடுபல்லியை எடுத்துக்கொள்கிறேன்.

இடம் குறித்துச் சில சொற்கள். குப்பத்தை அடுத்த குடுபல்லி, தமிழ்நாடும் கருநாடகமும் ஆந்திரமும் கூடும் முச்சந்திப் பகுதியில் உள்ள மண்டலம். சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் இருப்புப்பாதையில் குப்பத்துக்கு அடுத்த நிலையம் அது. இங்கே கடனைக் குறிக்க மூன்று சொற்கள் வழங்குகின்றன: தமிழில் கடன், தெலுங்கில் அப்பு, கன்னடத்தில் சால. சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1 அன்று, வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பிரித்தெடுத்த வட்டங்களைக் கொண்டு சென்னை மாகாணத்தில் உருவாக்கப்பட்டது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலத்துக்கு அது சென்றபோது, சென்னை மாகாணத்துக் கடன் சட்டங்களும் அதனுடன் சென்றன. ஆகவே இப்பகுதியின் கடன் வரலாறு பாதி தமிழ் வரலாறே.

முதற்கட்டம் தக்காணத்தில் தொடங்குகிறது. 1875 மே மாதம் புனே மாவட்டத்துச் சூபா என்னும் ஊரில் திரண்ட உழவர்கள், லேவாதேவிக்காரர்களின் வீடுகளிலும் கடைகளிலும் இருந்த கடன்பத்திரங்களையும் கணக்கேடுகளையும் கைப்பற்றி எரித்தனர். கலகம் சுற்றுப்புற ஊர்களுக்கும் அகமதுநகர் மாவட்டத்துக்கும் பரவியது. ஆள்களைத் தாக்குவதைவிட ஏடுகளை எரிப்பதிலேயே கலகக்காரர் கருத்தாயிருந்தனர் என்பது வரலாற்றாசிரியர் பலரும் சுட்டிய செய்தி. அவர்கள் கைநாட்டு வைத்த பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை அவர்களால் அறிய முடியவில்லை. அந்த அறியாமையே கடனை வளர்த்தது.

இக்கலகத்தின் விளைவாக வந்த 1879ஆம் ஆண்டின் தக்காண உழவர் நிவாரணச் சட்டம், வட்டி பற்றியும் வழக்கு நடைமுறை பற்றியும் விதித்தவற்றோடு வேறொன்றையும் விதித்தது. செலுத்திய தொகைக்கு எழுத்துமூலமான பற்றுச்சீட்டும், ஆண்டுதோறும் கணக்கு விவரமும், கேட்டால் கைப்புத்தகத்தில் கணக்குப் பதிவும் பெற உழவருக்கு உரிமை உண்டு என்றது. கடனாளியின் கணக்கு கடன் கொடுத்தவருக்கு மட்டுமே உரியதன்று என்னும் கோட்பாடு இங்கே சட்டவடிவம் பெறுகிறது. 1930இல் பஞ்சாப் மாகாணம் இயற்றிய கணக்கு ஒழுங்குச் சட்டம் இதனை மேலும் இறுக்கியது. ஒவ்வொரு கடனாளிக்கும் தனிக்கணக்கு வைக்கவும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையொப்பமிட்ட விவரம் அளிக்கவும் கடன் கொடுத்தவரை அது கட்டாயப்படுத்தியது.

சென்னை மாகாணம் வேறு வழியை முதலில் தேடியது. பிரெடரிக் நிக்கல்சன் 1895இலும் 1897இலும் அளித்த இரு பகுதி அறிக்கை, ஐரோப்பியக் கிராம வங்கிகளை ஆராய்ந்து கூட்டுறவுக் கடன் சங்கங்களைப் பரிந்துரைத்தது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்ததும் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திரூரில் சங்கம் தோன்றியது. கிராமச் சங்கங்களில் உறுப்பினரின் பொறுப்பு வரம்பற்றது: ஒருவர் தவறினால் மற்றவர் அனைவரும் ஏற்க வேண்டும். அதனால் ஒருவரின் நாணயத்தை மற்றவர் அறிந்திருப்பதே அமைப்பின் அடித்தளமாயிற்று. இக்கால வழக்கில் சொன்னால், ஊரே கடன் தகவல் நிறுவனம். அதன் வலிமை ஒருவரையொருவர் அறிதல். அதன் குறை சாதியும் நிலவுடைமையும் அந்த அறிதலைக் கட்டுப்படுத்தியமை.

பெருமந்தத்தில் விளைபொருள் விலை சரிந்தபோது கடன்சுமை பெருகியது. சத்தியநாதனின் 1935ஆம் ஆண்டு அறிக்கை மாகாணத்தின் உழவர் கடனை அளவிட முயன்றது. இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது நிறைவேறிய சென்னை உழவர் நிவாரணச் சட்டம் (1938இன் 4ஆம் சட்டம்), 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையிலிருந்த பழைய கடன்களின் வட்டியைத் தள்ளியது. அசலின் இரு மடங்கு செலுத்தப்பட்டிருந்தால் கடன் முற்றும் தீர்ந்தது என்றது. இன்றும் அது ஆந்திரத்தில் ‘ஆந்திரப் பகுதி’ என்னும் அடைமொழியோடு வழங்குகிறது. 1943ஆம் ஆண்டின் அடகுபிடிப்போர் சட்டம் அடகுச்சீட்டையும் அடகுப் பதிவேட்டையும் கட்டாயமாக்கியது.

இவையனைத்திலும் ஒரு பொதுக்கூறு உண்டு. கணக்கேடு ஒரு கொடுப்பவரிடம் இருந்தது. கடனாளிக்கு அவரைத் தெரியும். ஒரு கடைக்காரரின் ஏட்டில் கெட்ட பெயர் வாங்கியவர் அடுத்த ஊர்க் கடைக்காரரிடம் செல்லலாம். ஏடுகள் ஒன்றோடொன்று பேசியதில்லை.

ஏடுகள் தமக்குள் பேசத் தொடங்கியது அமெரிக்காவில். 1841இல் நியூயார்க்கில் லூயிஸ் டாப்பன் தொடங்கிய மெர்க்கன்டைல் ஏஜென்சி, வணிகர்களின் நாணயம் பற்றிய குறிப்புகளை ஊர்தோறும் திரட்டிச் சந்தாதாரர்களுக்கு அளித்தது. 1899இல் அட்லாண்டாவில் தோன்றிய ரீடெயில் கிரெடிட் நிறுவனம் தனிமனிதர்களைப் பற்றியும் அவ்வாறு திரட்டியது. அதுவே 1975இல் ஈக்விஃபாக்ஸ் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. இக்கோப்புகளை யாரைப் பற்றி எழுதினார்களோ அவர்கள் காணச் சட்டவுரிமை இல்லாதிருந்தது. 1970இல் இயற்றப்பட்ட நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் அக்கதவைத் திறந்தது. தக்காண உழவர் 1879இல் ஒரு கடைக்காரரின் ஏட்டுக்குப் பெற்ற உரிமையை, அமெரிக்க நுகர்வோர் பொது ஏட்டுக்கு 1970இல் பெற்றனர் எனலாம்.

இந்தியாவில் பொது ஏடு வருமுன் இடையில் ஒரு கட்டம் உண்டு. நம் எல்லைப்புறத்துக்கு அது முதன்மையானது. 1980களின் நடுவில் கருநாடகத்தில் மைராடா அமைப்பு வளர்த்த கடன் மேலாண்மைக் குழுக்களும், 1992 பிப்ரவரியில் நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கிய முன்னோடித் திட்டமும் சுய உதவிக் குழுக்களுக்கு அடிகோலின. சாராய எதிர்ப்புப் போராட்டத்துக்குப் பின் ஆந்திரத்தில் பொதுப்பு இயக்கம் பரவியது. பொதுப்பு என்றால் சேமிப்பு. இக்குழுக்களில் கணக்கேடு கூட்டந்தோறும் உறுப்பினர் நடுவே விரிக்கப்பட்டது. யார் எவ்வளவு வாங்கினார், எவ்வளவு செலுத்தினார் என்பது உரக்கப் படிக்கப்பட்டது. எழுத்தறியாத பெண்ணும் செவிவழியே தன் கணக்கை அறிந்தாள்; பிழையிருந்தால் அங்கேயே மறுத்தாள். இந்தியக் கடன் வரலாற்றில் கடனாளி தன் கணக்கை மிக நெருங்கியிருந்த காலம் இதுவே என்பது என் கணிப்பு.

பொது ஏட்டுக்கான ஏற்பாடும் அதே வேளையில் நடந்தது. ரிசர்வ் வங்கி அமைத்த சித்திக்கி தலைமையிலான பணிக்குழு 1999இல் கடன் தகவல் அமைப்பைப் பரிந்துரைத்தது; 2000இல் சிபில் நிறுவப்பட்டது. வாடிக்கையாளரின் செய்தியை வெளியிடாமை வங்கியின் கடமை என்னும் பழைய நெறி குறுக்கே நின்றதால் தனிச்சட்டம் தேவைப்பட்டது. அதுவே 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம். 2006 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதன் 21ஆம் பிரிவை மாணவர்கள் 1879ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். கடனுக்கு விண்ணப்பித்தவர், தம்மைப் பற்றிக் கடன் நிறுவனம் பெற்ற தகவலின் படியைக் கேட்டுப் பெறலாம். பிழையிருந்தால் திருத்தக் கோரலாம். கோரிக்கை வந்த 30 நாளுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். 19ஆம் பிரிவு தகவலின் துல்லியத்துக்கும் பாதுகாப்புக்கும் நிறுவனங்களைப் பொறுப்பாக்குகிறது.

சட்டம் நகரத்துக் கடன் அட்டைக்கும் வீட்டுக்கடனுக்கும் ஏற்ப இயங்கத் தொடங்கிய அவ்வாண்டுகளில், ஆந்திரக் கிராமங்களில் நுண்கடன் வேறு வேகத்தில் பெருகியது. 2006 மார்ச்சில் கிருஷ்ணா மாவட்ட நிருவாகம் நுண்கடன் நிறுவனங்களின் ஏறத்தாழ 50 கிளைகளை மூடியது முதல் எச்சரிக்கை. அது போதவில்லை. ஒரே பெண் பல நிறுவனங்களில் கடன் வாங்கி, ஒன்றை அடைக்க மற்றொன்றை எடுக்கும் நிலை பரவியது. எந்த நிறுவனத்துக்கும் மற்றதன் ஏடு தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பியதற்கும் சான்று குறைவு. 2010 ஆகஸ்டில் எஸ்கேஎஸ் நிறுவனம் பங்குச்சந்தையில் இடம்பெற்றது. கடன் வசூல் கெடுபிடியால் நேர்ந்தவை எனச் சொல்லப்பட்ட தற்கொலைகளைத் தொடர்ந்து, அக்டோபர் 15 அன்று ஆந்திர அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. 2011இன் 1ஆம் சட்டமாக அது நிலைபெற்றது.

இச்சட்டத்தில் பழைய குரல்கள் பல கேட்கின்றன. வட்டி அசலை மிஞ்சலாகாது என்னும் விதி, தாம்துபத் என்னும் பழைய தருமசாத்திர நெறியையும் 1938ஆம் ஆண்டுச் சட்டத்தையும் நினைவூட்டுவது. நிறுவனங்கள் மாவட்டந்தோறும் பதிவு செய்ய வேண்டும், ஈடு கேட்கக்கூடாது, தவணை மாதந்தோறும் என்றிருக்க வேண்டும். இதன்பின் வசூல் ஏறத்தாழ நின்றது. செலுத்த முடியாதவர், செலுத்த வேண்டாம் எனச் சொல்லப்பட்டவர், செலுத்த நினைத்தும் வாங்க ஆள் வராதவர் என மூவகையினரும் இருந்தனர்.

இங்கேதான் வரலாறு திரும்புகிறது. மலேகாம் குழு 2011 சனவரியில் அளித்த அறிக்கை, ஒருவருக்கு இரண்டுக்கு மேற்பட்ட நுண்கடன் நிறுவனங்கள் கடன் தரக்கூடாது என்றும், அதனை அறியக் கடன் தகவல் நிறுவனம் வேண்டும் என்றும் கூறியது. அதே ஆண்டு ஹைமார்க் நிறுவனம் நுண்கடனுக்கான தகவல் ஏட்டைத் தொடங்கியது. டிசம்பரில் ரிசர்வ் வங்கி நுண்கடன் நிறுவனங்களுக்குக் கடன் தகவல் நிறுவன உறுப்பினர் தகுதியைக் கட்டாயமாக்கியது. 2016இல் சுய உதவிக் குழு உறுப்பினர்களின் தனித்தனி விவரங்களும் படிப்படியாக இந்த ஏட்டுக்குள் வர வழி செய்யப்பட்டது.

நோக்கம் நல்லது, கடன்மேல் கடன் ஏறாமல் தடுப்பது. ஆனால் கூட்டத்தில் உரக்கப் படிக்கப்பட்ட கணக்கு, கடனாளியின் செவிக்கு எட்டாத இடத்துக்குச் சென்றது. மேலே சொன்ன மூவகையினரும் அந்த ஏட்டின் கட்டத்தில் ஒரே வகையினர்: தவணை தவறியோர். ஏன் தவறியது என்பதற்கு அதில் கட்டமில்லை. மாநிலச் சட்டம் தந்த நிவாரணத்தை மைய ஏடு அறியாது. மேலும், கடன் தகவலைக் குறைந்தது 7 ஆண்டுகள் வைத்திருக்க விதிமுறை சொல்கிறது. சூபா உழவர் எரித்த ஏட்டுக்கு மாற்றுப்படி இல்லை. இந்த ஏட்டுக்கு உண்டு.

கடனாளியின் பக்கத்து உரிமைகளும் மெல்ல வளர்ந்தன. 2017 சனவரி முதல் ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றி அளிக்க வேண்டும். இன்று டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் உள்ளன. ஆகவே ஆண்டில் நான்கு அறிக்கைகளைக் கட்டணமின்றிப் பெறலாம். 2022 செப்டம்பர் முதல் இந்நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் வரம்புக்குள் வந்தன. 2023 அக்டோபரில் வெளிவந்து 2024 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த ஆணையின்படி, திருத்தக் கோரிக்கை 30 நாளுக்குள் தீராவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. கடன் கொடுத்த நிறுவனத்துக்கு அதில் 21 நாள். தாமதம் யாருடையதோ அவரே செலுத்த வேண்டும். ஒருவரின் அறிக்கையைப் பிறர் எடுத்தால் அவருக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ செல்ல வேண்டும். 2025 சனவரியில், தகவலை 15 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்னும் விதி நடப்புக்கு வந்தது.

1879ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லாத ஒன்று இங்கே உண்டு: கணக்கைத் திருத்தத் தாமதிப்பவர் கடனாளிக்குத் தண்டம் செலுத்துதல். கடன் சட்ட வரலாற்றில் இது சிறிய செய்தியன்று.

இனி குடுபல்லிக்குத் திரும்புவோம். இவ்வுரிமைகள் அங்கே எவ்வாறு பொருள்படும்? மூன்று இடர்களைச் சுட்டலாம்.

முதலாவது, பெயர். தெலுங்கு வழக்கில் வீட்டுப்பெயர் முன்னே நிற்கும். தமிழர் தந்தை பெயரின் தலையெழுத்தை இடுவர். கன்னட வழக்கில் ஊர்ப்பெயரின் எழுத்தும் சேரும். ஒரே ஆள் ஆதாரில் ஒருவாறும், குழுப் பதிவேட்டில் ஒருவாறும், பெங்களூரில் வேலை பார்க்கும்போது திறந்த வங்கிக் கணக்கில் ஒருவாறும் எழுதப்படுவது இயல்பு. பெயர், பிறந்த நாள், முகவரி, தொலைபேசி எண், அடையாள அட்டை எண் ஆகியவற்றைப் பொருத்திப் பார்த்தே பொது ஏடு ஆளை அடையாளம் காண்கிறது. பொருத்தம் பிழைத்தால் ஒருவரின் கணக்கு இரண்டாகப் பிரியலாம். இருவரின் கணக்கு ஒன்றாகக் கலக்கலாம்.

இரண்டாவது, குறியீட்டு மொழி. தவணை தவறிய நாள்களின் எண்ணிக்கை மாதந்தோறும் மூன்றிலக்கத்தில் நிற்கும். 000 என்றால் பாக்கியில்லை. ‘குளோஸ்டு’ என்றால் முழுதும் அடைந்த கடன். ‘செட்டில்டு’ என்றால் குறைந்த தொகைக்கு ஒத்துக்கொண்டு முடித்த கடன். பின்னது பேச்சுவழக்கில் ‘கணக்குத் தீர்ந்தது’ என்றே கடனாளிக்குச் சொல்லப்படுகிறது. அடுத்த கடன் கொடுப்பவரோ அதனைக் குறையாகப் படிக்கிறார். ‘ரிட்டன் ஆஃப்’ என்னும் குறிப்பைத் தள்ளுபடி என்று கொள்வோர் பலர். அது வங்கி தன் ஏட்டில் செய்துகொண்ட ஏற்பாடு மட்டுமே. கடன் அப்படியே நிற்கிறது. 1870களின் உழவர் கைநாட்டு வைத்த பத்திரத்துக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, ஏட்டுக்கு வெளியே நிற்கும் கடன். பொது ஏட்டில் மதிப்பெண் குறைந்தவருக்கு வங்கிக் கதவு மூடும். தண்டல்காரர் வீட்டுக் கதவு மூடுவதில்லை. 2025 சூனில் குப்பம் பகுதிக் கிராமம் ஒன்றில், கணவன் வாங்கிய கடனுக்காக மனைவி மரத்தில் கட்டப்பட்ட செய்தி நாடு முழுதும் பேசப்பட்டது. அத்தகைய கைமாற்றுக் கடனுக்கு அறிக்கையில்லை, 30 நாள் கெடுவில்லை, குறைதீர்ப்பாளரும் இல்லை. அதே ஆண்டில் கருநாடகமும் தமிழ்நாடும் வசூல் வன்முறையைத் தடுக்கச் சட்டம் இயற்றின. குடுபல்லி இன்று மூன்று மாநிலச் சட்டங்கள் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. மூன்றும் வசூலிப்பவரின் கையைக் கட்ட முயல்கின்றன. ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் உள்ள நிதி நிறுவனங்களை மாநில லேவாதேவிச் சட்டங்கள் கட்டுப்படுத்தா என 2022 மே மாதம் நெடும்பிள்ளி பைனான்ஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். அதன்பின், அத்தகைய நிறுவனத்தில் கடன் பெற்றவருக்குத் தம் கணக்கைக் கண்டு திருத்தும் உரிமை முன்னைவிட இன்றியமையாததாகிறது.

ஆய்வாளர்க்கு இதில் இரு பணிகள் உள்ளன. ஒன்று, சித்தூர் மாவட்டத்துக் கூட்டுறவுச் சங்கப் பதிவேடுகளையும் சுய உதவிக் குழுக்களின் கூட்டக் குறிப்பேடுகளையும் அழியுமுன் திரட்டுவது. பொது ஏட்டில் இல்லாத ‘ஏன்’ அவற்றில் உண்டு. மழை பொய்த்தது, பிள்ளைக்குக் காய்ச்சல், மாடு இறந்தது என்று தவணை தவறியதன் காரணத்தையும் எழுதி வைத்த ஏடுகள் அவை.

மற்றது மாணவர் ஒவ்வொருவராலும் செய்யக்கூடியது. தம் அறிக்கையையும் வீட்டிலுள்ள பெண்களின் அறிக்கையையும் கட்டணமின்றிப் பெற்று, வரிவரியாகத் தாய்மொழியில் படித்துக் காட்டுவது. தாம் வாங்காத கடன் உண்டா, அடைத்த கடன் திறந்தே இருக்கிறதா, பெயரும் முகவரியும் தம்முடையவையா, தாம் விண்ணப்பிக்காத இடத்திலிருந்து யாரேனும் அறிக்கையைக் கேட்டிருக்கிறார்களா என நான்கையும் நோக்குவது. பிழை கண்டால் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் தகவல் நிறுவனத்துக்கும் எழுத்தில் முறையிட்டு, நாளைக் குறித்து வைப்பது. 30 நாள் கடந்தும் தீராவிட்டால் இழப்பீடு கோருவது. அடுத்துக் குறைதீர்ப்பாளரிடம் செல்வது.

குழுக் கூட்டத்தில் ஒருவர் படிக்க மற்றவர் கேட்ட அந்தப் பழக்கத்தை இந்தப் புதிய ஏட்டுக்கும் கொண்டுவர முடியும். சட்டம் அதற்கு ஏற்கெனவே இடம் தந்திருக்கிறது. படித்துச் சொல்லும் ஆள்களே தேவை.